ஊசி நிற்கும், துணி ஓடும்: ஃப்ரீ மோஷன் குவில்ட்டிங் பழகுவோருக்குப் பிழை திருத்தும் முழு வழிகாட்டி

வாசலில் 15 புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தை ஒரு இழை தப்பாமல் போட்டு முடிக்கிற கை, தையல் மிஷினில் ஒரே ஒரு வளைவை வளைக்க முடியாமல் திணறுவதுண்டு. ஃப்ரீ மோஷன் குவில்ட்டிங் (நடுவில் பஞ்சு வைத்த இரு துணிகளைக் கையால் விரும்பியபடி நகர்த்திச் சேர்த்துத் தைப்பது) பழக உட்காருகிறவர்கள் முதல் வாரத்திலேயே "நமக்கு இது சரிப்படாது" என்று துணியைச் சுருட்டிப் பீரோவில் வைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கோலத்தில் தரை அசையாது, கை நகரும். இங்கே ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கும். தரையைத்தான் நீங்கள் நகர்த்துகிறீர்கள். கோடு வலது பக்கம் போக வேண்டுமென்றால் துணி இடது பக்கம் போக வேண்டும். கோலம் போட்டுப் போட்டு ஊறிய பழக்கம் அப்படியே தலைகீழாகிறது. நன்றாகக் கோலம் போடுகிறவர்கள்தான் முதல் இரண்டு நாள் அதிகமாகக் குழம்புவார்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு அதே கோலப் பழக்கம் கைகொடுக்கத் தொடங்கும், ஏனென்றால் அடுத்த வளைவு எங்கே போகும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

இன்னொரு புதுமை, தையலின் நீளம். சாதாரணமாக ரவிக்கை தைக்கும்போது ஊசிக்குக் கீழே உள்ள பல் துணியைச் சரியான அளவில் பின்னால் தள்ளிவிடும். ஃப்ரீ மோஷனில் பல்லை இறக்கிவிடுகிறோம். இனித் தையல் நீளத்தை முடிவு செய்வது இரண்டே விஷயம்: மிஷின் ஓடும் வேகம், கை நகரும் வேகம். இந்த இரண்டும் ஒத்துப்போகாததால் வருவது கைப் பிழை. நூல் கோர்த்தது, ஊசி, டென்ஷன் (நூலின் இறுக்கம்), ஃபுட் (ஊசியைச் சுற்றித் துணியைப் பிடிக்கும் பாதம்) இவற்றால் வருவது மிஷின் பிழை. பழகுகிறவர்கள் மிஷின் பிழைக்கும் தங்கள் கையையே திட்டிக்கொள்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி மனச்சோர்வு போய்விடும்.

மிஷினைத் தயார் செய்வது

செட்டிநாட்டு வீடுகளில் பழைய கறுப்புத் தலைக் கால் மிஷின் இன்னும் நிறைய இருக்கிறது. அதை ஒதுக்க வேண்டாம். மரப்பலகையோடு தலை சமமட்டமாக உட்கார்ந்திருப்பதால் துணி தடையில்லாமல் வழுக்கும். வெள்ளை போர்ட்டபிள் மிஷினில் இந்த வசதிக்காகத் தனி எக்ஸ்டென்ஷன் டேபிள் வாங்க வேண்டியிருக்கும். பவர் மிஷின் மட்டும் தொடக்கத்துக்கு வேண்டாம். கால் லேசாகப் பட்டாலே பாய்ந்துவிடும்.

பல்லை இறக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில மிஷின்களில் பலகை மேலேயே திருகு இருக்கும், சிலவற்றில் பின்புறமோ அடியிலோ ஒரு சிறு நெம்புகோல். எதுவும் இல்லையென்றால் பல்லை மூடுகிற எம்பிராய்டரி பிளேட்டை மாட்டலாம். அதுவும் கிடைக்காவிட்டால் தையல் நீளத்தை 0-வில் வைத்துவிடுங்கள். பல் ஏறி இறங்கும், ஆனால் துணியைத் தள்ளாது. கொஞ்சம் உரசல் தெரியும், வேலை நடக்கும்.

அடுத்து டார்னிங் ஃபுட். உங்கள் மிஷினில் ஃபுட் மாட்டும் கம்பியின் உயரத்துக்குப் பொருந்துவதை வாங்குங்கள். வீட்டு மிஷின்களில் பெரும்பாலானவை தாழ்ந்த கம்பி வகை. இந்த ஃபுட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அது ஊசியை இறுக்கும் ஸ்க்ரூவுக்கு மேலே உட்கார வேண்டும். கீழே மாட்டிவிட்டால் ஊசி ஏறும்போது ஃபுட் ஏறாது, துணி ஒவ்வொரு தையலுக்கும் சிக்கிக்கொள்ளும். கையால் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்: ஊசி மேலே போகும்போது ஃபுட்டும் ஒரு துள்ளல் துள்ள வேண்டும்.

ஊசி 90/14 அளவு, குவில்ட்டிங் அல்லது டாப்ஸ்டிட்ச் வகை. கறுப்புத் தலைக்கு 14 நம்பர் ஊசி போதும். நூல் பிரிகிறதென்றால் 16. ஊசியை முட்டும்வரை மேலே ஏற்றி இறுக்குங்கள். சுமார் 8 மணி நேரம் ஓடிய ஊசியை மாற்றிவிட வேண்டும். "இன்னும் முனை இருக்கிறதே" என்று பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு ஊசியின் விலைக்கு ஒரு மாலை முழுவதும் போய்விடும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சில வாரத்தில் பிசினாக இறுகி, ஷட்டில் பகுதி கனத்துப் போகும். மிஷின் ஆயில் ஒரு சொட்டு, ஷட்டில் சுழலும் பள்ளத்தில். விட்டபின் ஒரு கழிவுத் துணியில் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். ஃப்ரீ மோஷனில் பஞ்சுத் தூசி வழக்கத்தைவிட அதிகம் சேரும். இரண்டு பாபின் (அடிநூல் சுற்றிய உருளை) தீர்ந்தால் ஒரு முறை பிளேட்டைக் கழற்றித் தூரிகையால் துடைப்பது கணக்கு. வாயால் ஊதாதீர்கள், ஈரம் உள்ளே போகும்.

துணியும் பஞ்சும்

பழகுவதற்கு 14 × 18 அங்குலத் துண்டுகள் சரியான அளவு. 44 அங்குல அகலமுள்ள பருத்தித் துணி 1 மீட்டரில் இப்படி 6 துண்டு வரும். மேலும் கீழுமாக வைத்தால் 3 பழகு துண்டு. நடுவில் வைக்கப் பஞ்சு ஷீட் அரை மீட்டர். பாலியஸ்டர் ஷீட்டானால் 100 முதல் 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை போதும். உப்பலான தடிமன் ஷீட்டில் துணி ஊசியோடு சேர்ந்து மேலே எழும்பும், தையல் விட்டுப்போகும். பழைய பருத்திப் போர்வையைத் துவைத்து நடுவில் வைத்தாலும் நன்றாகவே வரும், கனமும் படியும்.

அடித்துணிக்குப் பழைய கண்டாங்கிச் சேலை அருமையான பொருள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை என்ற பெருமையைவிட, குவில்ட்டுக்கு உதவுவது அதன் கட்டமும் கோடும். கட்டம் இருந்தால் தையலின் கோணலை எளிதில் கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு விதத்திலும் அது உதவும்: கட்டம் போட்ட துணியை மேல்துணியாக வைத்தால், கோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் தயாராக வைத்த புள்ளிதான்.

சாயம் மட்டும் கவனம். அரக்கும் கறுப்பும் புதுசில் இறங்கும். வெள்ளைத் துணியை நனைத்துச் சேலையின் மேல் ஐந்து நிமிடம் அழுத்தி வையுங்கள். நிறம் ஏறினால் தனியாக இரண்டு மூன்று முறை அலசிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். நெய்து முடிந்த துணியில் அதை நம்ப முடியாது. அலசல்தான் வழி.

அலசிய அடித்துணிக்கு மெல்லிய அரிசிக் கஞ்சி போட்டுத் தேய்த்துவிடுங்கள். கஞ்சி விறைப்பில் துணி மிஷின் தட்டில் வழுக்கிக்கொண்டு போகும். அடியில் மடிப்பு விழுவது கண்கூடாகக் குறையும். சேலைக்குப் போடுகிற கெட்டிக் கஞ்சி வேண்டாம். அது பொடிப்பொடியாக உதிர்ந்து பாபின் கேஸுக்குள் இறங்கும்.

வளவுத் தரையில் மூன்று அடுக்கை இணைப்பது

குவில்ட்டின் அடியில் விழும் மடிப்புக்கெல்லாம் பிறப்பிடம் இந்த வேலைதான். மிஷினில் உட்காரும் முன்பே பிழை நடந்துவிடுகிறது.

வளவில் (வீட்டு நடு முற்றப் பகுதி) ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இதற்கு வாகான இடம். சமமாக இருக்கும், கல்லின் இணைப்புக் கோடுகள் சரியான செங்கோணத்தில் ஓடும். அடித்துணியின் ஓரத்தை ஒரு இணைப்புக் கோட்டோடு ஒட்டிப் பிடித்தாலே துணி கோணாமல் விரியும். ஆனால் மினுமினுப்புக்காக எண்ணெய் தொட்டுத் துடைத்த தரையா என்று முதலில் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எண்ணெய் இருந்தால் துணியில் கறை ஏறும், டேப்பும் ஒட்டாது. சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டுத் தொடங்குங்கள்.

1. அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரியுங்கள். அது மேல்துணியைவிடச் சுற்றிலும் 2 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். பெரிய போர்வையானால் 4 அங்குலம்.
2. எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பிறகு மூலைகளுக்குப் போங்கள். சுருக்கம் போகும் அளவுக்கு இழுத்தால் போதும். முரசுத் தோல்போல் இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி சுருங்கி அதுவே மடிப்பாகும்.
3. பஞ்சு ஷீட்டைப் போட்டு நடுவிலிருந்து வெளியே தடவுங்கள். அதன்மேல் மேல்துணி, நல்ல பக்கம் உங்களைப் பார்க்க.
4. நடுவில் தொடங்கி வெளியே போகும்படி நான்கு விரல் அகலத்துக்கு ஒரு ஊக்கு. கையை எங்கே வைத்தாலும் ஒரு ஊக்காவது விரலில் பட வேண்டும்.

பழகு துண்டுக்கு டேப் தேவையில்லை. மேசையில் வைத்து ஊக்குக் குத்தினால் போதும். துருப்பிடிக்காத ஊக்குதான் வேண்டும். நம் ஊர் வியர்வைக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் மலிவு ஊக்கு ஒரு வாரத்தில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். அந்தக் கறை எளிதில் போகாது.

முதல் தையல்

நூல் கோர்க்கும்போது ஃபுட் லிவர் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். லிவர் கீழே இருக்கும்போது கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு வெளியே சும்மா உட்கார்ந்திருக்கும். துணியின் அடியில் நூல் சிக்கிக் கூடு கட்டுவதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணமும் லிவர்தான். டார்னிங் ஃபுட் இறக்கிய பிறகும் துணியை அழுத்தாது, சற்று மேலே மிதக்கும். அதனால் இறக்கினோமா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. இறக்காமல் தைத்தால் டென்ஷனே இல்லை. பத்துத் தையலில் அடியில் நூல் உருண்டையாகிவிடும். பழகியவர்களும் இதில் மாட்டுவார்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் லிவரைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

இனி ஊசியை ஒரு முறை இறக்கி ஏற்றி, மேல் நூலை இழுத்துப் பாபின் நூலை மேலே கொண்டுவாருங்கள். இரண்டு நூல் நுனியையும் இடது கையால் பிடித்துக்கொண்டு, கால் அங்குலத்துக்குள் மூன்று நான்கு குட்டித் தையல் போடுங்கள். அதுதான் முடிச்சு. பிறகு நுனிகளை வெட்டிவிட்டு ஓட்டலாம். பாபின் நூலை மேலே எடுக்காமல் தொடங்கினால் அந்த நுனி அடியில் சுருண்டு முதல் அங்குலத்திலேயே சிக்கும்.

கால் மிஷின்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சக்கரம் உங்களை நோக்கித்தான் சுழல வேண்டும். ஒரு நொடி பின்னால் சுழன்றாலும் நூல் அறுந்துவிடும். தொடங்க வலது கை சக்கரத்துக்குப் போவதால், அந்த நேரத்தில் துணியை ஒரே கைதான் பிடித்திருக்கும். முதல் இரண்டு தையல் கோணும். ஊசி துணிக்குள் இருக்கும்படி நிறுத்திப் பழகினால் இந்தக் கோணல் குறையும். நடுவில் மிதியின் குதிகாலையும் முன்காலையும் மாற்றி மாற்றி அழுத்தியே தொடங்கக் கற்றுக்கொண்டால் கை இரண்டும் துணியிலேயே இருக்கும். அதற்கு நூல் கோர்க்காமல் வெறும் மிதி பத்து நிமிடம் பழகுங்கள்.

வேகக் கணக்கு

1 அங்குலத்தில் 8 முதல் 12 தையல் விழுந்தால் நல்ல நீளம். மிஷின் நிமிடத்துக்கு 600 தையல் ஓடுகிறதென்றால் நொடிக்கு 10. அப்படியானால் கை நொடிக்கு 1 அங்குலம் நகர்ந்தால் அங்குலத்துக்கு 10 தையல். நிமிடத்துக்கு 300 தையல் என்று மெதுவாக மிதித்தால் கை நொடிக்கு அரை அங்குலம்தான் போக வேண்டும்.

தொடக்கத்தில் எல்லோரும் செய்வது இதற்கு நேரெதிர்: பயத்தில் மிஷினை மிக மெதுவாக ஓட்டி, பதற்றத்தில் கையை வேகமாக இழுப்பார்கள். தையல் கால் அங்குல நீளத்துக்கு நீண்டு நிற்கும். மிஷினைக் கொஞ்சம் கூட்டுங்கள், கையைக் குறையுங்கள். மிஷின் சத்தம் ஒரே சுருதியில் கேட்க வேண்டும். வளைவு வந்ததும் காலைத் தளர்த்தி, நேராக வந்ததும் மிதிக்கிற பழக்கம் மோட்டார் பைக்குக்குச் சரி, இங்கே சரிவராது.

துணியில் ஒரு அங்குல இடைவெளியில் கோடு போட்டுக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணி, ஒரு எண்ணுக்கு ஒரு கோடு கடக்கும்படி நகர்த்துங்கள். கட்டம் ஒரு அங்குலமாக அமைந்த கண்டாங்கித் துண்டு இருந்தால் கோடு போடும் வேலையும் மிச்சம்.

கையை ஊசிக்கு இரு பக்கமும் தட்டையாக வைத்து, ஊசி நடுவில் வரும்படி ஒரு சட்டம்போல் பிடியுங்கள். அந்தச் சட்டத்துக்குள் 4 முதல் 6 அங்குலம்தான் ஒரு தடவைக்கு. அதைத் தாண்டி எட்டிப் பிடிக்க முயன்றால் கோடு கோணும். நிறுத்துங்கள், ஊசி கீழே இருக்கட்டும், கையை மாற்றி வையுங்கள், மறுபடி ஓட்டுங்கள். கை வியர்த்து வழுக்கினால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரப்பர்ப் புள்ளி வைத்த கையுறையை வாங்கி, நூல் கோர்க்க வசதியாகக் கட்டைவிரல், சுட்டுவிரல் நுனிகளை வெட்டிவிடலாம்.

கண் ஊசியைப் பார்க்கக் கூடாது. ஊசி போகப்போகிற இடத்தை, ஒரு அங்குலம் முன்னால் பார்க்க வேண்டும். சைக்கிள் பழகும்போது முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் என்ன ஆகுமோ, அதேதான்.

தொடங்கும்போது கால் முதலில், கை அடுத்த தையலில். நிறுத்தும்போது இரண்டும் ஒன்றாக. பிசகினால் கை முதலில் நிற்பதே மேல்: ஓரிரு தையல் ஒரே இடத்தில் விழுந்து சிறு புள்ளியாகும். கால் முதலில் நின்று கை நகர்ந்தால் நீளத் தையல் ஒன்று நிற்கும், அது கண்ணை உறுத்தும்.

பிழையைப் படிப்பது

ஒரு பழகு துண்டில் மேல் நூல் அரக்கு, பாபின் நூல் மஞ்சள் என்று இரண்டு நிறம் போடுங்கள். இரண்டும் ஒரே வகை நூலாக இருக்கட்டும். ஒரு கைப்பிடி அளவு வளைவுகள் தைத்துத் துணியைத் திருப்பிப் பாருங்கள்.

அடிப்பக்கம் அரக்கு நூல் கண்ணிமை மயிர்போல் வளைவுகளில் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறதா? நேர்கோடுகள் சுத்தமாக இருக்கின்றனவா? அப்படியானால் டென்ஷனில் குற்றமில்லை. வளைவில் உங்கள் கை வேகமெடுக்கிறது. டென்ஷன் திருகைத் தொடாதீர்கள். வளைவுகளில் கையை மட்டும் மெதுவாக்குங்கள்.

எல்லா இடத்திலும் அரக்கு நூல் அடியில் தளர்ந்து கிடந்தால், மேல் நூலைக் கழற்றி, லிவரைத் தூக்கி, மறுபடி கோருங்கள். மேலும் கீழும் ஆடுகிற நூல் கொக்கியில் நூல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் தப்பியிருந்தால் எந்த டென்ஷனும் வேலை செய்யாது. அதன் பிறகும் தளர்வு இருந்தால் மேல் டென்ஷனை அரை எண் கூட்டுங்கள். 0 முதல் 9 வரை எண் உள்ள மிஷினில் சாதாரணத் தையல் 4-இல் ஓடும். ஃப்ரீ மோஷன் பெரும்பாலும் 3-ஐ ஒட்டி அமையும், மிஷினுக்கு மிஷின் மாறும்.

மேல்பக்கம் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் மேல் நூல் இறுக்கம் அதிகம். அரை எண் குறையுங்கள். ஒரே தடவையில் 2 எண் திருப்புவதுதான் பலரைச் சுற்றலில் விடுகிறது; எங்கிருந்து வந்தோம் என்பதே மறந்துபோகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் துணியின் மேலேயே பேனாவால் எண்ணை எழுதுங்கள். அந்தத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் மிஷினின் ஜாதகம் அது.

மேல் டென்ஷனை எவ்வளவு திருப்பியும் சரியாகவில்லையென்றால் பாபின் கேஸைப் பாருங்கள். கழற்றி எடுக்கும் வகையானால், பாபின் போட்டு நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு மணிக்கட்டை லேசாக உதறுங்கள். கேஸ் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்குப் போனால் தளர்வு. அசையவே இல்லையென்றால் இறுக்கம். பக்கத்திலுள்ள சிறு ஸ்க்ரூவைக் கடிகார முள் 5 நிமிடம் நகரும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். கீழே ஒரு தட்டை வைத்துக்கொள்வது நல்லது, அந்த ஸ்க்ரூ விழுந்தால் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதல் சந்தேகம் ஊசி மேல்: வளைந்ததா, மழுங்கியதா, முழுக்க ஏறவில்லையா. அடுத்து பஞ்சின் தடிமன். ஊசி மேலே வரும்போது துணியும் எழும்பி வருகிறதா என்று மெதுவாகச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். எழும்பினால் ஃபுட் இன்னும் தாழ வேண்டும், அல்லது பஞ்சு மெலிய வேண்டும்.

நூல் அடிக்கடி அறுந்தால் ஒரு முழம் நூலை எடுத்து இழுத்துப் பாருங்கள். நெகிழாமல் பட்டென்று அறுந்தால் அது பழைய நூல். பெட்டியில் எத்தனை வருடம் கிடந்ததோ. நூல் நல்லதென்றால் பிளேட்டின் ஊசித் துளையைப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. முன்பு எப்போதோ ஊசி முட்டி உடைந்திருக்கும். ஜீரோ நம்பர் உப்புத்தாளைச் சுருட்டித் துளையில் நாலு தேய் தேய்த்தால் போகும்.

ஊசி முட்டுவது ஏன் என்றால், துணியின் கனம். போர்வை மேசைக்கு வெளியே தொங்கும்போது அதன் எடை ஊசியை இழுத்து வளைக்கிறது. வளைந்த ஊசி துளையைத் தப்பிப் பிளேட்டில் குத்தும். இடது பக்கம் ஒரு ஸ்டூலோ மேசையோ போட்டுத் துணியைத் தூக்கி வையுங்கள். கோடு கோணுவதில் ஒரு பங்கும் இதனால் தீரும். நீங்கள் கை நடுக்கம் என்று நினைத்தது துணியின் இழுப்பாக இருந்திருக்கும்.

வளைவு வட்டமாக வராமல் முக்குமுக்காக வருகிறதா? வளைவின் நடுவில் நிறுத்திக் கையை மாற்றியிருப்பீர்கள். நிறுத்துவதற்கு உரிய இடம் கூர்முனை, அல்லது ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தாண்டும் இடம். அங்கே சிறு உதறல் இருந்தாலும் தெரியாது.

எதை முதலில் பழகுவது

மிஷினுக்கு முன் காகிதம். பேனாவை ஒருவர் செங்குத்தாக அசையாமல் பிடிக்க, காகிதத்தை நீங்கள் நகர்த்தி உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். சிரிப்பு வரும் கையெழுத்துதான் கிடைக்கும். ஐந்து பக்கம் எழுதினால் தலைகீழ் நகர்த்தல் மூளைக்கு ஏறத் தொடங்கிவிடும்.

மிஷினில் முதலில் அலை அலையான கோடு, மேலிருந்து கீழே. அடுத்து தமிழ் எழுத்து. "ல" என்ற எழுத்தைக் கை எடுக்காமல் லலலல என்று சேர்த்து ஒரு வரி முழுக்கத் தையுங்கள். அதில் ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு ஏற்றம் மூன்றும் இருக்கின்றன. பிறகு "வ", "ஒ". துணி நிறைய எழுதுங்கள். பழக்கமான எழுத்தானதால், எங்கே போக வேண்டும் என்ற யோசனை இல்லாமல் வேகத்தை மட்டும் கவனிக்க முடியும்.

அதற்குப் பிறகு வழக்கமான மியாண்டர், அதாவது ஒன்றையொன்று தொடாமல் நெளிந்து நெளிந்து இடத்தை நிரப்பும் கோடு. பெரும்பாலான வழிகாட்டிகள் இதைத்தான் முதல் பாடமாக வைக்கின்றன. அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கோட்டைத் தொடக்கூடாது, மூலையில் மாட்டக்கூடாது, இடைவெளி சமமாக இருக்க வேண்டும் என்று ஒரே நேரத்தில் மூன்று கட்டளை. வேகம் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டால் பயமில்லை, வந்த கோட்டின் மேலேயே திரும்பிப் போய் வெளியே வாருங்கள்.

சிக்குக் கோலம் இந்தக் கலைக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதால் நூல் வெட்டும் வேலை இல்லை. ஆனால் எல்லாப் புள்ளிக் கணக்கும் ஒரே இழையில் முடியாது. புள்ளிகளைச் சதுர வரிசையில் வைத்துச் சாதாரணமாகச் சுற்றி வந்தால், 3 × 3 புள்ளிக்கு மூன்று தனித்தனி இழை வரும், 4 × 4-க்கு நான்கு. 2 × 3, 3 × 4, 4 × 5 இவையெல்லாம் ஒரே இழை. இரண்டு எண்ணையும் ஒன்றைத் தவிர வேறு எந்த எண்ணும் பொதுவாக வகுக்காமல் இருந்தால் போதும். தைக்கும் முன் விரலால் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள்.

படிக்கோலத்தை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நேர்கோடு பார்க்க எளிது. ஃப்ரீ மோஷனில் அதுதான் சிரமம், ஒரு நூலிழை நடுக்கமும் அப்பட்டமாகத் தெரியும்.

ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். அதற்கு மேல் தோள் ஏறி, காதைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் தைத்தது எதுவும் உருப்படாது.

பிரிப்பதா, விடுவதா

பிரிக்க வேண்டியவை மூன்றே மூன்று: அடியில் விழுந்த மடிப்பு, நூல் கூடு, கால் அங்குலத்துக்கு மேல் நீண்ட தையல். கடைசியதைப் பிரிக்கச் சொல்வது அழகுக்காக மட்டுமல்ல. கட்டிலில் விரித்தால் மெட்டி அதில் மாட்டும், மாட்டினால் ஒரு சாண் தையல் சேர்ந்து வரும்.

மற்றபடி கோடு ஆடியது, ஒரு தையல் சிறிது ஒரு தையல் பெரிது, தொடக்கூடாத இடத்தில் தொட்டது, இதையெல்லாம் விட்டுவிடுங்கள். தைக்கும்போது நீங்கள் பார்ப்பது ஒரு சாண் தூரத்திலிருந்து. கோலத்தை யாரும் குப்புறப் படுத்துப் பார்ப்பதில்லை. துணியைத் தூணில் தொங்கவிட்டு வளவின் எதிர்ப் பக்கம் போய் நின்று பாருங்கள். அங்கிருந்து தெரியாத பிழையை நோண்ட வேண்டாம். நடுவில் பருத்திப் பஞ்சு வைத்திருந்தால் முதல் துவைப்பில் அது 3 முதல் 5 விழுக்காடு சுருங்கி, மேலே மெல்லிய சுருக்கங்கள் எழும். பாதிக் கோணல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். பாலியஸ்டர் ஷீட் சுருங்காது, அந்தச் சலுகை அதில் கிடையாது.

நூல் நிறமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. மேல்துணியின் நிறத்துக்கு ஒத்த நூலில் பிழை மறையும். அரக்குத் துணியில் மஞ்சள் நூல் எடுப்பாக இருக்கும். எடுப்பாகத் தெரிவதில் பிழையும் சேர்த்தி.

பிரிக்கும்போது அடிப்பக்கம் நான்கைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டி, மேல்பக்க நூலை இழுத்தால் முழு இழையாக வந்துவிடும். நுனிகளை முடிச்சிட்டு, ஊசியில் கோர்த்துப் பஞ்சுக்குள் நுழைத்து வெளியே இழுத்து வெட்டுங்கள். புதுத் தையலை பழைய தையலின் மேல் அரை அங்குலம் பின்னாலிருந்து தொடங்குங்கள்.

முதல் உருப்படி: ஊஞ்சல் விரிப்பு

பழகு துண்டு பத்து முடிந்ததும் இரட்டைக் கட்டில் போர்வைக்குத் தாவுகிறவர்கள் உண்டு. வேண்டாம். வீட்டு மிஷினில் ஊசிக்கும் வலது பக்கத் தூணுக்கும் நடுவே 6, 7 அங்குலம்தான் இடம். பெரிய போர்வையைச் சுருட்டி அதற்குள் திணித்துக்கொண்டே கையை நகர்த்துவது தனிப் போராட்டம். 18 அங்குல அகலம், 48 அங்குல நீளத்தில் ஊஞ்சல் பலகைக்கு ஒரு விரிப்பு தைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மேல்துணி 20 × 50 அங்குலம் வெட்டுங்கள். குவில்ட் செய்யும்போது கொஞ்சம் உள்வாங்கும். பஞ்சு 22 × 52, அடித்துணி 24 × 54. நீளத்தை 12 அங்குலமாக நான்கு பங்காக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் அகலவாட்டில் 4, நீளவாட்டில் 3 என்று 3 அங்குல இடைவெளியில் புள்ளி வையுங்கள். கோலம் 12 × 9 அங்குலம் பிடிக்கும், இரு ஓரத்திலும் 3 அங்குலமும், கோலத்துக்கும் கோலத்துக்கும் இடையே 3 அங்குலமும் மிஞ்சும். அங்கே மியாண்டர். புள்ளியோடு கோட்டையும் டெய்லர் சாக்கால் வரைந்துகொள்ளுங்கள். தண்ணீரில் அழியும் பேனா பயன்படுத்தினால், அலசி முடிக்கும்வரை இஸ்திரி போடக் கூடாது. சூடு பட்டால் கோடு நிலைத்துவிடும்.

நடுவிலுள்ள இரண்டு கோலங்களில் ஒன்றை முதலில் தைத்து, அங்கிருந்து ஓரங்களுக்குப் போங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் மிச்சத் துணியெல்லாம் நடுவில் தள்ளப்பட்டுப் புடைக்கும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அடியில் கைவிட்டு ஒரு தடவு தடவுங்கள். மடிப்பு இருந்தால் இப்போதே தெரியும், இரண்டு அங்குலத்தோடு பிரித்துவிடலாம். மியாண்டரை எல்லா இடத்திலும் ஒரே நெருக்கத்தில் போடுங்கள். ஒரு பக்கம் நெருக்கியும் மறுபக்கம் இடைவெளி விட்டும் போட்டால் விரிப்பின் ஓரம் அப்பளம்போல் நெளியும்.

18 × 48-க்கு ஓரம் வெட்டி, 2½ அங்குலப் பட்டியால் கரை கட்டியபின் குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் தட்டையாக உலர்த்துங்கள். சித்திரை வெயிலில் கொடியில் போட்டால் கண்டாங்கியின் அரக்கு வெளுக்கும். உலர்ந்ததும் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பாருங்கள். விரலில் மாட்டுகிற இழை ஏதும் இருந்தால் அதை வெட்ட வேண்டாம். ஊசியால் பஞ்சுக்குள் இழுத்துவிடுங்கள்.